அவளுக்காக வாசித்த போன்

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"இங்க வேணாம். பஸ்ல ஆள் இருக்காக."

"இம்புட்டு இரைச்சல்ல யாருக்குக் கேக்கப் போகுது? சும்மா சொல்லு."

"நான் பத்தாவது படிக்கல."

"பெயிலா?"

"இல்லங்க. அஞ்சாவதோட நின்னுட்டேன். அம்மா படுக்கையில விழுந்துட்டாக. கொடிக்கால்ல வெத்தல கிள்ள ஆள் இல்ல. அப்பாதான் உங்க அம்மாகிட்ட பத்தாவதுன்னு சொல்லிட்டாரு. எனக்கே பந்தல்ல வச்சுத்தான் தெரியும்."

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு செல்வக்குமாருக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. கல்யாணமான மூன்றாம் நாள். மறுவீட்டு விருந்து முடிந்து சோழவந்தானிலிருந்து ஆரப்பாளையத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாண்டிமீனா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருக்க, அவன் முகத்தைப் பார்க்காமல் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துப் பேசினாள்.

"எழுத்துக் கூட்டியாவது படிப்பியா?" என்று கேட்டான்.

"கூட்டிக் கூட்டிப் படிப்பேன். நேரமாகும்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கிறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. தன்னைப் போல நல்லவன் இந்த மதுரைப் பக்கமே கிடையாது என்று அந்த நிமிஷம் அவன் நினைத்தான். இப்போது யோசித்தால் அந்த நினைப்புதான் அவனுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூசுகிறது.

சொல்லாமல் இருக்கக் காரணம் இருந்தது. அவன் அம்மா முத்துத்தாய் பழைய எஸ்.எஸ்.எல்.சி. கூட்டுறவுப் பண்டகசாலையில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். பெண் தேடக் கிளம்பிய அன்றே ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நகை நட்டெல்லாம் அவுக இஷ்டம். ஆனா பத்தாவது படிக்காத பிள்ளைய என் வீட்டுக்குக் கூட்டியாராதீக." சொன்னால் சொன்னதுதான் என்று இருப்பவள். மருமகள் ஐந்தாவது என்று தெரிந்தால் அவளைத் திரும்பப் பிறந்த வீட்டுக்கு அனுப்பமாட்டாள். ஆனால் ஒவ்வொரு நாளும் பேச்சால் அனுப்பிக்கொண்டே இருப்பாள். அப்படித்தான் செல்வக்குமார் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

ஆரம்பத்தில் அவன் சொல்லிக் கொடுக்கத்தான் செய்தான். அதை அவன் மறந்துவிடவில்லை. இரட்டைக் கோடு நோட்டு ஒன்று வாங்கி வந்தான். வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போகிற நேரம் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவார்கள். மீனாவுக்குப் பாதி எழுத்து ஏற்கனவே தெரியும் என்பதால் வேகமாக வந்தது. தெருவில் போகும்போது சினிமா போஸ்டர், டாக்டர் போர்டு என்று ஒன்றையும் விடாமல் முணுமுணுத்தபடி நடப்பாள். "ரெண்டு சுழி வச்சா 'ண'னாவா 'ன'னாவான்னு கொழப்புதுங்க" என்று அவன் தோளில் இடிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சீக்கிரமே திரும்பிவிட்டாள். மீனா பதறிப்போய் நோட்டை அரிசி டிரம்முக்குள் திணித்தாள். மறுநாள் அரிசி எடுத்த முத்துத்தாயின் கைக்கு அது வந்தது.

"இது யாரு கிறுக்கினது?"

"மாடி வீட்டுப் பாப்பா விட்டுட்டுப் போயிருக்கும்" என்றான் செல்வக்குமார்.

"எழுத்து நல்லாத்தான் வருது, பாப்பாவுக்கு" என்று அம்மா நோட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அந்த நோட்டை அவன் எடுக்கவில்லை. மீனா இரண்டு வெள்ளிக்கிழமை காத்திருந்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனுக்கு ஒரு செல்போன் கடை. பி.சி.ஏ. முடித்தவன் என்பதால் புதிதாக எது வந்தாலும் முதலில் கற்றுக்கொள்வான். தமிழில் பேசினால் எழுதுகிற, தமிழ் எழுத்தைக் காட்டினால் வாசிக்கிற வசதி போனில் வந்தபோது அவன் துள்ளிக் குதித்தான். அன்றைக்கே ஒரு நல்ல போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"இந்தா, இனி உனக்கு ஒரு கவலையும் இல்ல. எழுத்து மேல காமிராவக் காட்டு. அது படிக்கும். நீ எழுதணுமா, மைக்க அமுக்கிப் பேசு. அது எழுதும்."

மீனா மிக்ஸி பெட்டியின் மேல் போனைப் பிடித்தாள். ஒரு பெண்குரல் கடகடவென்று வாசித்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சீயக்காய் பாக்கெட், காலண்டர், கரண்ட் பில் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அன்று வாசிக்க வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் படிக்க வேணாமா?"

"இனிமே எதுக்கு? உனக்காக அது படிக்கும்."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது என்று அவனால் சொல்ல முடியாது.

ஆனால் திட்டம் நன்றாகவே வேலை செய்தது. முத்துத்தாய்க்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த சமயம் மருமகளைத்தான் பேப்பர் வாசிக்கச் சொன்னாள். மீனா பேப்பரை அடுப்படிக்குக் கொண்டுபோய், ஒரு காதில் இயர்போனை மாட்டி, கேட்டுவிட்டு வந்து ராசிபலனை ஒப்பிப்பாள். ஒரு எழுத்து மாறாது. "எம் மருமக ஒரு தடவ பாத்தாப் போதும், அப்படியே மனசுல ஏத்திக்கிருவா" என்று அம்மா தெருவெல்லாம் பெருமை பேசினாள். அதைக் கேட்டு புருஷனும் பெண்டாட்டியும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது உண்டு.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது வந்த பஸ்ஸின் போர்டை நோக்கி மீனா போனை உயர்த்தினாள்.

"கூட்டிப் பாரேன், நின்னுக்கிட்டுத்தான இருக்கு" என்றான் விளையாட்டாக.

அவள் உதடு அசைந்தது. முதல் எழுத்தில் நின்றது. மறுபடி அசைந்தது. "மறந்துபோச்சுங்க" என்று சிரித்தாள். எத்தனை வருஷம் வெற்றிலை கிள்ளியும் மறக்காமல் வைத்திருந்த எழுத்து. அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் பஸ் கிளம்பப் பார்த்தது, ஏறிவிட்டார்கள்.

இன்னொரு நாளையும் அவனால் மறக்க முடியாது. நான்கு வருஷம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தப் போவதாக, தங்கப்பொண்ணு என்ற பெண் நோட்டும் கையுமாக வீடு வீடாக வந்தாள்.

"வீட்டுல யாராச்சும் இருக்காகளாண்ணே, கையெழுத்து மட்டும் போடுறவுக?"

"இங்க எல்லாரும் படிச்சவங்கம்மா."

மீனா மாடிப் படியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க..." என்றாள். அவன் வராத அழைப்புக்கு "அலோ, சொல்லுங்க" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவள் ஏதோ கேட்க வருகிறாள், கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை அவள் அந்த "ஏங்க"வில் ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்று முடித்திருக்கிறாள்.

மகள் பவதாரிணி தெருப் பள்ளியில் நான்காம் வகுப்பு. போன வருஷம் பெற்றோரெல்லாம் சேர்ந்து மீனாவைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் மோட்டார் ரிப்பேராகிக் கிடந்தபோது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் அவள்தான். அதிகாரி முன்னால் நின்று பேசப் பயமில்லை. பத்தாவது படித்தவள் வேறு. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாததால் செல்வக்குமாரே "ஒத்துக்க மீனா, நான் இருக்கேன்ல" என்றான்.

தலைமையாசிரியை ஸ்யாமளா டீச்சர் கூட்டத்துக்கு முந்தின நாளே எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். மீனா அதைப் போனில் வாசிக்க வைத்துக் கேட்பாள். தோசை ஊற்றும்போது ஒரு தடவை, துணி மடிக்கும்போது ஒரு தடவை. கூட்டத்தில் தாளைக் கையில் பிடித்துத் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு, அவன் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு கையெழுத்தைக் கீழே போடுவாள். பள்ளிக்கூடத்தில் மாதத்துக்கு இரண்டு உறுதிமொழியாவது வரும். அதற்கும் தலைவியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வரி வரியாகச் சொல்ல, பிள்ளைகள் வலது கையை நீட்டித் திருப்பிச் சொல்லும்.

இந்த ஜூன் மாதம் நெகிழி ஒழிப்பு உறுதிமொழி என்று செய்தி வந்தது. மீனா அதை இரண்டு நாள் கேட்டு மனப்பாடம் பண்ணினாள். வியாழக்கிழமை காலை செல்வக்குமாரும் கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்தான். ஸ்டேட்டஸில் போட வீடியோ எடுக்க வேண்டும்.

பிரேயர் மைதானத்தில் நூறு பிள்ளைகள். மீனா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். ஸ்யாமளா டீச்சர் ஆபீஸ் அறையிலிருந்து அவசரமாக வந்து அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு மைக்கை உயர்த்தி வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, தாளில்தான் இருக்கிறதே.

மீனா தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கணீரென்று தொடங்கினாள்.

"நெகிழிப் பைகளை வாங்க மாட்டேன் என்றும்..."

"நெகிழிப் பைகளை வாங்க மாட்டேன் என்றும்..." என்றன பிள்ளைகள்.

"கடைக்குச் செல்லும்போது துணிப்பை எடுத்துச் செல்வேன் என்றும்..."

செல்வக்குமார் திரையில் மீனாவின் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். அழகாக இருந்தாள். அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஸ்யாமளா டீச்சரின் முகம் தெரிந்தது. டீச்சர் மீனாவையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்திலிருந்த இன்னொரு டீச்சர் வாயில் கை வைத்தார். ஐந்தாம் வகுப்பு வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கையிலும் அதே தாள் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினாள். சிரிப்பு அந்த வரிசையில் ஆரம்பித்து நான்காம் வகுப்புக்கு வந்தது. பவதாரிணி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனாவுக்குச் சிரிப்பு கேட்டது. எதற்கென்று தெரியவில்லை. ஆனாலும் நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள்.

ஸ்யாமளா டீச்சர் மைக்கை வாங்கினார். "பிள்ளைகளா, இன்னைக்கு ரெண்டு உறுதிமொழி. ஒண்ண நம்ம தலைவி சொன்னாங்க. இன்னொண்ண நான் சொல்றேன்" என்று மீனாவின் கையிலிருந்த தாளை மெல்ல எடுத்துக்கொண்டு வாசித்தார். காலையில்தான் மேலிடத்திலிருந்து மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் போல. குழந்தைகளை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புவோம் என்ற உறுதிமொழி அது. மீனா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். செல்வக்குமாருக்கு வீடியோவை நிறுத்த வேண்டும் என்று தோன்றவேயில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தப்பாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான்தான் சொல்லியிருக்கணும், தாளு மாறிடுச்சுன்னு" என்றார்.

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் செல்வக்குமாருக்குக் கிடைத்திருக்காது. அவன் வாயைத் திறந்தான். வந்தது இது:

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டா டீச்சர். கண்ணு கொஞ்ச நாளா மங்கலா இருக்கு. மனசுல இருந்தத சொல்லிட்டா."

மீனா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டீச்சர் மேஜையிலிருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்தாள்.

"சரி சார்" என்றார் டீச்சர். நம்பினாரா என்று தெரியவில்லை. "பவதாரிணி பத்தியும் பேசணும்னு இருந்தேன். பாடத்துல க்யூஆர் கோடு இருக்குல்ல, அதப் போன்ல போட்டுக் கேட்டுட்டு வந்துடறா. பத்தி பத்தியா ஒப்பிக்கிறா. நடுவுல ஒரு வரியில விரல வச்சு வாசின்னா வாசிக்க வரல. புத்தகத்துல தெரியாத பக்கத்த எடுத்துக் குடுத்தா அழறா. அவ மட்டும் இல்ல, பல பேரு அப்படித்தான் இருக்காங்க. வீட்டுல கொஞ்சம் போன தள்ளி வச்சுட்டு, பக்கத்துல உக்காந்து வாசிக்க வச்சுப் பாருங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்கதான் எழுத்தறிவு வகுப்பும் நடக்குது. தங்கப்பொண்ணு எடுக்கறா. யாரு வேணா வரலாம்."

அன்றைக்குப் பவதாரிணியையும் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனையில் பவதாரிணிதான் கேட்டாள். "அம்மா, நீயும் என்னைய மாதிரித்தானா?"

"ஆமாத்தா" என்றாள் மீனா.

வீட்டுக்குள் நுழைந்ததும் போனை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். பிறகு அதைத் தொடவில்லை.

தெருச் செய்தி முத்துத்தாய்க்கு வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "என்னடா, ஏதோ மாத்திப் படிச்சுட்டாளாமே?"

"கண்ணு சரியில்லம்மா" என்றான் செல்வக்குமார் மறுபடி. ஒரு தடவை சொன்னது இரண்டாம் தடவை சுலபமாக வந்தது.

"அடப் பாவி, அத மொதல்லயே சொல்லக் கூடாதா? எனக்குக் கண்ணு தெரியாதப்ப எம்புட்டு நாள் எனக்காகப் படிச்ச புள்ள. ஞாயித்துக்கிழம நானே கூட்டிட்டுப் போயி கண்ணாடி வாங்கித் தாரேன். ஏத்தா மீனா, தலவலிக்குதா?"

"இல்லத்த" என்றாள் மீனா.

அந்த மூன்று நாளும் செல்வக்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. மீனா கோபித்திருந்தால் தேவலாம். வழக்கம் போலவே எல்லாம் செய்தாள். போனை மட்டும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மளிகைக் கடை ராம்கி பஸ் ஸ்டாண்டில் அவனை மறித்தான்.

"மாப்ள, தங்கச்சிக்கு என்னாச்சு? கடைக்கு வந்து ரவை பாக்கெட்ட நீட்டி, 'அண்ணே, இதுல என்னைக்கித் தேதி போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க'ங்குது. நான் பள்ளிக்கூடத் தலைவியே இப்படிக் கேட்டா நாங்க எங்கிட்டுப் போகன்னு சிரிச்சேன். அது சிரிக்கல மாப்ள. வாசிச்சுச் சொல்ற வரைக்கும் நின்னுச்சு."

"கண்ணு சரியில்லடா."

"தள்ளி வச்சு, கிட்ட வச்சு, ஒண்ணும் பாக்கலயே. நேரா என் மூஞ்சிக்கு நேரால்ல நீட்டுச்சு."

செல்வக்குமார் நடந்துபோய்க் கடையைத் திறந்தான். முதல் ஆளாக வந்தவர் சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்காரர் மொக்கைச்சாமி. வெற்றிலைக் கட்டை இறக்கிவிட்டு வந்திருந்தார். மைக்கை அமுக்கி எப்படிச் செய்தி அனுப்புவது என்று போன மாதம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான்.

"தம்பி, நல்லா வேலை செய்யுது இது. எம் பேரனும் கத்துக்கிட்டான். எட்டாவது படிக்கான். கட்டுரை எழுதுடான்னு வாத்தியாரு சொன்னா, போனுக்கிட்ட கேக்கான், அது சொல்லுது, அதையே அதுக்கிட்டச் சொல்லி எழுத வைக்கான். நான் சின்னப் புள்ளைல படிக்கலன்னு எங்கப்பன் அடிச்ச அடி இருக்கே! இவன் அடி வாங்காமலே என்னைய மாதிரி ஆயிட்டான் பாத்துக்க." அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வெளையாட்டுக்குச் சொல்லல. பஸ்ஸு நம்பரு கேட்டாக் கூட போன எடுக்கான். இத எப்பிடித் தம்பி எடுத்து விடுறது? அந்த மைக்க."

"எடுக்கலாம்ண்ணே" என்று போனை வாங்கினான் செல்வக்குமார். கை என்னவோ செட்டிங்ஸுக்குள் போனது. எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டான். கண் தெரியாத பெரியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அது வரம்தான். அது அவனுக்கும் தெரியும். மீனாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். அவளுக்கு எழுத்து வந்துகொண்டிருந்தது. அடுப்படியில் இருந்த நோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போனை வைத்தவன் அவன். அம்மாவுக்குப் பயந்து என்று சொல்லிக்கொண்டதிலும் பாதிதான் உண்மை. "உன் பொண்டாட்டி எதுவரைக்கும் படிச்சிருக்கு?" என்று கேட்கிறவர்களிடம் "டென்த்" என்று சொல்லும்போது அவனுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே முத்துத்தாய் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். செல்வக்குமார் ஸ்டாக் எடுக்க வேண்டும், கடைக்குப் போகிறேன் என்று பார்த்தான். "அதெல்லாம் நாளைக்கு எடுக்கலாம். பொண்டாட்டிக்குக் கண்ணு பாக்க வராம என்னடா கடை?" என்று அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். பவதாரிணியும் வந்தாள்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தக் கண்ணாடிக் கடை. உள்ளே சின்ன அறையில் கண் பரிசோதனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி, பிருந்தா என்று மார்பில் பெயர் குத்தியிருந்தாள், மீனாவை உயரமான நாற்காலியில் உட்கார வைத்தாள். ஓரத்து பெஞ்சில் முத்துத்தாயும் பேத்தியும் உட்கார்ந்தார்கள். இடமில்லாமல் செல்வக்குமார் கதவருகே நின்றான்.

எதிர்ச் சுவரில் விளக்கு எரிந்தது. மேலே பெரிதாக ஒரு எழுத்து, கீழே வர வரச் சிறிதாக வரிசை வரிசையாகத் தமிழ் எழுத்துகள்.

கண்ணாடி என்று சொன்னவனுக்கு இந்தச் சுவர் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

"இடது கண்ண மூடிக்குங்கக்கா. மேல இருந்து சொல்லுங்க."

மீனா இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது."

"கடைசி வரி வரைக்கும் தெரியுதா?"

"எல்லாம் நல்லாத் தெரியுதும்மா."

"அப்ப சொல்லுங்க, முதல் எழுத்து என்ன?"

மின்விசிறி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"சொல்லுத்தா" என்றாள் முத்துத்தாய். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அதுக்குத்தான வந்திருக்கோம். இதுல என்ன வெக்கம்?"

"பவர் ரொம்பக் கூடியிருக்கும்மா" என்று செல்வக்குமாரின் நாக்கு நுனியில் அடுத்த பொய் தயாராக வந்து நின்றது. மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவன் விழுங்கினான். ஆனால் அதற்குப் பதிலாக வேறு எதையும் சொல்லவும் இல்லை.

பிருந்தா குழப்பத்துடன் மீனாவின் முகத்தருகே குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வேற சார்ட்டு இருக்கு. கோடு எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு கையைக் காட்டினாப் போதும். அது போடட்டுமா?"

"போடும்மா" என்றாள் மீனா.

பெஞ்சு கிரீச்சிட்டது. "என்னத்தா சொல்ற?" என்று முத்துத்தாய் எழுந்துவிட்டாள். "படிக்கத் தெரியாதவுகளுக்கா? அது எதுக்கு உனக்கு? டேய், என்னடா சொல்றா இவ? எனக்குப் பேப்பர் படிச்சது யாரு?"

மீனா கண்ணை மூடியிருந்த கையை இறக்கினாள். நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. முதலில் மாமியாரைப் பார்த்தாள், பிறகு கதவருகே நின்றவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயமும் இல்லை.

"ஏங்க" என்றாள்.

செல்வக்குமார் போனைத் தேடி பாக்கெட்டுக்குள் கையை விடவில்லை. அங்கேயே நின்றான்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு எத்தனையோ வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். வகுப்புல நானே போயிச் சேந்துக்கிடுவேன். பாப்பாவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டு பேருமா எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிடுவோம், அதுக்கு நீங்க வேணாம். நான் யாரையும் ஏமாத்தி இந்த வீட்டுக்கு வரல. வந்த மூணாம் நாளே உங்ககிட்டச் சொல்லிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது, அது உங்களுக்கு அன்னைக்கே தெரியும், மறைக்கச் சொன்னது நீங்கதான்னு, அத்த முன்னாடி, எம் புள்ள முன்னாடி, உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க."